கூறைப்புடவையை வெட்டிய மதியம்

புருஷன் வீட்டிலிருந்து என் நாத்தனார் திரும்பி வந்தபோது அவள் இடது கையில் மாவுக்கட்டு. மிதித்தே எலும்பை முறித்திருந்தான். மரக்காணத்தில் எங்கள் வீட்டு முன்னறைதான் என் தையல் கடை. வந்தவள் அழாமல், மிஷினடியில் கிடந்த வெட்டுத்துணிகளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

துணித்துண்டுகளால் படம் செய்வதை நான் செல்போனில் பார்த்திருந்தேன். “வரையெல்லாம் வேணாம். தோணுற மாதிரி வெட்டி, ஒண்ணு மேல ஒண்ணா வெச்சி, போர்வை மேல தையல் போட்டுடலாம்” என்று பழைய போர்வையொன்றை விரித்துக் கொடுத்தேன்.

துணியை முட்டிக்கடியில் அழுத்திக்கொண்டு ஒற்றைக் கையால் வெட்டினாள். வெட்டினாள் என்பதைவிடக் குதறினாள் என்றே சொல்ல வேண்டும். வெள்ளை லைனிங் துணி உப்புக் குவியலானது. பழுப்புப் பாவாடை உப்பளப் பாத்தியின் வரப்பானது. கடலுக்குத் துணி போதவில்லை. பையிலிருந்து தன் கூறைப்புடவையை எடுத்து நடுவில் கத்தரியை விட்டாள்.

“செவப்பா இருக்குதேம்மா?”

“இருக்கட்டும் அண்ணி.”

அலைகளை அவள் குண்டூசியால் குத்திக்கொண்டிருந்த மதியம் அவள் புருஷன் வந்தான். என் கணவர் உப்பளத்தில் இருந்தார்.

“நான் எடுத்துக் குடுத்த பொடவடி அது!” என்று போர்வையைப் பிடித்து இழுத்தான். அவள் விடவில்லை. துணி நடுவில் கிழிந்தது. அவளைக் கீழே தள்ளி, மாவுக்கட்டின் மேலேயே மிதித்தான். அவள் அலறிய அலறலில் எனக்குக் கண் இருண்டது. ஜாக்கெட் தேய்க்கச் சூடேற்றியிருந்த இஸ்திரிப் பெட்டியை எடுத்து அவன் தோளில் அழுத்தினேன். சட்டையோடு சதை பொசுங்கியது.

அவன் திரும்பி என் கழுத்தைப் பிடித்து மிஷின் மேல் சாய்த்தான். எனக்கு மூச்சு நின்றது. அப்போதுதான் அவள் கத்தரியை அவன் தொடையில் இறக்கினாள்.

நொண்டியபடி வாசலில் போய் விழுந்தான். தெரு கூடிவிட்டது. அவன் துடிப்பதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பிறகு கொல்லைக்கு ஓடி வாந்தி எடுத்தேன்.

உப்புக் காலோடு ஓடிவந்த என் கணவர் முதலில் கேட்டது, “மாப்ளய இப்டி பண்ணிட்டீங்களே, ஊர்ல இன்னா சொல்லுவாங்க?”

“போன தடவ என்னை நீதாண்ணா திரும்பக் கொண்டு போய் உட்ட” என்றாள் அவள். நசுங்கிய மாவுக்கட்டை மடியில் வைத்துக்கொண்டு மெதுவாகத்தான் சொன்னாள். போலீஸ் ஸ்டேஷனில் அவன் ஆட்கள் எங்கள் மேல் பாய்ந்தபோது என் கணவர்தான் குறுக்கே நின்று அடி வாங்கினார். ரெண்டு பக்கமும் கேஸ் ஆனது. கடைசியில் அவன் பிரிந்துபோகச் சம்மதித்தான்.

அவள் கை கோணலாகத்தான் கூடியது. அந்தக் கையாலேயே கிழிசலின் இரு பாதிகளையும் ஒன்றின்மேல் ஒன்று ஏற்றித் தைத்தாள். படத்தில் கடல் பாத்திக்குள் புகுந்துவிட்டது. பிரித்துச் சரியாகத் தைக்கலாமே என்றேன்.

“புயலுக்குக் கடலு அப்டித்தான உள்ள வருது” என்று ஊசியில் நூல் கோர்த்தாள்.