பெரிய வேதாகமத்தில் புள்ளி வைத்தவர்

சித்தப்பா பென்சிலை பிளேடால்தான் சீவுவார். கூர் போதுமா என்று கட்டைவிரல் நகத்தில் குத்திப் பார்ப்பார். சனிக்கிழமை மதியம் பூட்டு ரிப்பேர் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஆலயத்துக்குப் போய், மேடையிலிருக்கும் பெரிய வேதாகமத்தைத் திறப்பார். மறுநாள் அவர் வாசிக்க வேண்டிய பகுதியில் 'கர்த்தர்' என்ற சொல்லின் தலைமேல் கடுகைவிடச் சின்னதாக ஒரு புள்ளி. எல்லா இடத்திலும் அல்ல. எபிரெய மூலத்தில் கடவுளின் சொந்தப் பெயர் இருக்கும் இடங்களில் மட்டும்; அதற்கென்று ஒரு பழைய அட்டவணைப் புத்தகம் வைத்திருந்தார். ஞாயிறன்று புள்ளி வந்தால் அச்சிலிருப்பதை விட்டு 'யெகோவா' என்று வாசிப்பார்.

எனக்கு அவரைப் பிடிக்காது. சாவியை அரத்தால் ராவுவதுபோல மனிதர்களையும் ராவுவார். சித்தி பேச ஆரம்பித்தால் பாதியிலேயே வெட்டுவார். கடையில் எரிந்து விழும் அந்தக் குரல், மேடையில் மட்டும் தணிந்து வரும். பத்தொன்பது வருட வாசிப்பு. வேறெங்கும் அவர் பேச்சை யாரும் காது கொடுத்துக் கேட்டதில்லை. அது அவருக்கும் தெரியும்.

சபைச் செயலாளர் சித்தியின் அண்ணன். கமிட்டிக் கூட்டத்தில் இந்த விவகாரத்தை அவர்தான் எடுத்தார். குறிப்பெழுத நான் மூலையில் இருந்தேன்.

"மாப்ள, உங்க அப்பாவ நீங்க பேர் சொல்லியா கூப்பிட்டீங்க?"

"அப்பா தன் கையால பேரெழுதி வச்சிருக்காரு. அதை அடிச்சுட்டு 'ஐயா'ன்னு எழுத நீங்க யாரு மச்சான்?"

"அப்ப அந்தப் பேரச் சொல்ற வேற சபைக்குப் போய் வாசிங்க. அங்க மாலை போடுவாங்க."

யாரோ சிரித்தார்கள். அச்சிலிருப்பதை மட்டும் வாசிக்க வேண்டும், மீறினால் வாசிப்பு வேறொருவருக்கு என்று எழுதச் சொன்னார்கள். எழுதினேன். சித்தப்பா என் பேனாவையே முறைத்துக்கொண்டிருந்தார்.

அந்த வாரமும் புள்ளி வைத்தார். ஞாயிறன்று பக்கத்தைத் திறந்தால் ஒன்றுகூட இல்லை. விரல் வரிமேல் நின்றது. தப்பான இடத்தில் அந்தப் பெயரைச் சொல்லிவிடுவோமோ என்ற பயத்தில், உள்ளதை உள்ளபடி வாசித்து இறங்கினார். அடங்கிவிட்டார் என்று சபை நினைத்தது. செயலாளர் முன்வரிசையில் லேசாகச் சிரித்தார். அழித்தவன் யாரென்று தேட சித்தப்பாவுக்கு வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை. மறுவாரமும் அப்படியே நடந்தது.

மூன்றாம் வாரம் பேனாவால் வைத்தார். மைப் புள்ளி பின்பக்கம்வரை ஊறியிருந்தது.

பெயரைப் பற்றி அதன்பின் யாரும் பேசவில்லை. வேதாகமத்தில் கிறுக்கியவர் என்பதே பேச்சாகிவிட்டது. அவர் பக்கம் நின்ற இரண்டொருவரும் வாயை மூடிக்கொண்டார்கள். வாசிப்பு போயிற்று. "உங்க ரப்பர் ஜெயிச்சிருச்சு மச்சான்" என்று ஆலய வாசலில் வைத்துச் சொன்னார். "எந்த ரப்பர்?" என்றார் செயலாளர். நடிக்கிறார் என்றுதான் நானும் நினைத்தேன். அதன்பிறகு இருவரும் முகம் பார்க்கவில்லை. ஞாயிறுகளில் சித்தப்பா கடைக்குள் ஷட்டரை இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தார்.

அவரை அடக்கம் செய்து மூன்று மாதம் கழித்து, சட்டைப் பொத்தானுக்காகச் சித்தியின் தையல் டப்பாவைத் திறந்தேன். ஊசிகளுக்கடியில் பாதி தேய்ந்த ரப்பர் ஒன்று கிடந்தது. சனிக்கிழமை சாயங்காலம் ஆலயத்தைப் பெருக்கித் துடைப்பது சித்திதான்.

"அவர் வாசிக்கிறது நின்னுடக் கூடாதேன்னுதான்" என்றாள்.