கமலவேணி அம்மா கேட்ட டிக்கெட்

கடையில் ஒருவரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோதுதான் செய்தி வந்தது. துபாய் டிக்கெட்டை ரத்து செய்துவிட்டு முழுப் பணமும் வேண்டும் என்று அடம்பிடித்தார் அவர். எரிச்சலோடு போனை எடுத்தேன். கமலவேணி அம்மாவின் கணவர் தணிகாசலம் ஐயா பேசினார். "அவ போயிட்டாப்பா. காலையில எழுப்பினேன், எழுந்திரிக்கல." அவரே தொடர்ந்தார். "ரவி பாரிசுலேருந்து வரணும். எந்தப் பிளேன்ல வந்தா சீக்கிரம் வரலாம்னு நீயே பாத்து அவன்கிட்ட சொல்லு. அவன் வந்தாதான் எடுப்போம்."

கமலவேணி அம்மாவை விருத்தாசலம் செராமிக் எஸ்டேட்டில் அறியாதவர்கள் இருக்க மாட்டார்கள். ஐயாவும் அம்மாவும் நடத்திய யூனிட்டில் பீங்கான் பியூஸ் கட்டைகள் செய்தார்கள். மண்ணும் சூளையும் ஐயாவின் பொறுப்பு. பேங்க், ஆர்டர், ஆள் பிடிப்பது, ஆளைத் திட்டுவது எல்லாம் அம்மா. நான் மங்கலம்பேட்டைக்காரன். ஜங்ஷன் ரோட்டில் டிக்கெட் கடை வைத்திருப்பவன். எங்கள் ஊர் ஆட்களை வளைகுடாவுக்கு அனுப்பியே பிழைத்தவனிடம் ஐரோப்பா டிக்கெட் கேட்டு வந்த முதல் ஆள் அவர்தான்.

"அவன் வந்தாதான் எடுப்போம்" என்று ஐயா சொன்னதன் அருமை எல்லோருக்கும் தெரிந்திருக்காது. ரவி அவர்களுடைய மகன். புதுச்சேரியில், பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பத்துப் பெண்ணைச் சொல்லாமல் கொள்ளாமல் பதிவுத் திருமணம் செய்துகொண்டு பாரிசுக்குப் போய்விட்டவர். "அவன் பேச்ச இந்த வூட்டுல எடுக்கக் கூடாது" என்று ஐயா அன்றைக்குச் சொன்னார். பல வருஷம் யாரும் எடுக்கவில்லை. இதற்கிடையில் மகள் சுமதி கல்யாணமாகி ஜெர்மனிக்குப் போய், அங்கே பிரசவத்துக்குத் தயாரானார். பெற்றவர்கள் இருவரும் கிளம்பிப் போவதென்று முடிவாயிற்று.

அம்மா கடைக்கு வந்து நாற்காலியை எனக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். "தம்பி, போய் எறங்குற ஊரு ஒண்ணு, ஏறி வர்ற ஊரு இன்னொண்ணுன்னு டிக்கெட்டு உண்டா?"

உண்டு என்றேன். எங்கள் தொழிலில் அதற்கு ஓப்பன் ஜா என்று பெயர். தாடை திறந்தது என்று அர்த்தம் சொன்னேன்.

"வாயப் பொளந்த டிக்கெட்டுன்னு சொல்லு. இந்த வயசுல வாயப் பொளக்குறதுக்கா அம்மாந் தூரம் போறோம்? பேர வெளிய சொல்லித் தொலைக்காத. ஃபிராங்க்ஃபர்ட்டுல எறங்கணும், பாரிசுல ஏறணும். ரெண்டு பேருக்கும்."

எனக்குச் சுருக்கென்றது. "ஐயாவுக்குத் தெரியுமாம்மா?"

"அங்க போயித் தெரிஞ்சுக்குவாரு."

ஜெர்மனியிலிருந்து பாரிசுக்கு ரயிலில் போய்க்கொள்வதாகச் சொன்னார். அதற்கான டிக்கெட்டைச் சுமதி பார்த்துக்கொள்வாராம். நான் துபாய் வழி, தோஹா வழி, நேராகப் போவது என்று எல்லாவற்றையும் காட்டினேன். அவர் விலையைக்கூட அவ்வளவாகப் பார்க்கவில்லை. பாரிசுக்குப் போய்ச் சேருவதற்கும் விமானம் ஏறுவதற்கும் நடுவில் நாலு நாள் கிடைக்கிறதா என்றுதான் திரும்பத் திரும்பக் கேட்டார். கொஞ்சம் கூடப் போட்டால் தேதியும் ஊரும் மாற்றிக்கொள்ளலாம் என்று சொன்னேன். என் கடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் ஆசைப்படுவது அதற்குத்தான்.

"மாத்த முடியாததாப் போடு" என்றார்.

தூக்கிவாரிப் போட்டது. "ஏம்மா, பாரிசுக்கு வர மாட்டேன்னு ஐயா அங்கேயே ஒக்காந்துட்டா? ரெண்டு டிக்கெட்டும் வீணாப் போயிடும்."

"ஒக்காருவாரு. அதனாலதான் கேக்குறேன். ஒடஞ்ச கட்டையக்கூட அரைச்சு மறுபடி மண்ணுல கலக்குற மனுசன். டிக்கெட்ட வீணாக்குவாரா?"

நான் விடவில்லை. இவ்வளவு சிக்கல் எதற்கு, முதலில் பாரிசில் இறங்கி மகனைப் பார்த்துவிட்டு ஜெர்மனி போய்விடலாமே என்றேன். போகும் வழியில் என்றால் சண்டையும் சீக்கிரம் முடிந்துவிடும் என்பது என் கணக்கு. "உனக்கு டிக்கெட்டு போடத்தான் தெரியும்" என்று ஒரே போடாகப் போட்டார். "ஏறுறது பாரிசுலதான். போடு."

போட்டுவிட்டேன். விசாவும் வந்துவிட்டது. கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போது, டிக்கெட் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு ஐயாவே கடைக்கு வந்துவிட்டார். முழங்கை வரை வெள்ளை மண். முகத்தில் ரத்தம் ஏறியிருந்தது.

"இது என்னய்யா, எஃப்.ஆர்.ஏ.? ஃபிரான்சா? யாரக் கேட்டு என்னய ஃபிரான்சுக்கு அனுப்புற?"

கடையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தாளை வாங்கிப் பார்த்தேன். அவர் கட்டைவிரல் இருந்தது முதல் வரியில்.

"ஐயா, அது ஃபிராங்க்ஃபர்ட்டுங்க. ஜெர்மனி. ஒவ்வொரு ஊருக்கும் மூணு எழுத்து வெச்சிருக்காங்க. சுமதி இருக்குற ஊருக்கு அதுதாங்க."

விமான நிலையங்களின் எழுத்துகள் அச்சிட்ட புத்தகத்தை எடுத்துக் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாகச் சரிபார்த்தார். அந்த நேரம் முழுக்க என் கண் கீழ் வரியிலேயே கிடந்தது. அதில் சி.டி.ஜி. என்று இருந்தது. அதுதான் பாரிஸ். அவர் அந்த எழுத்துகள் மீது விரலை வைத்து ஒரு கேள்வி கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேன். என்னால் அவரிடம் பொய் சொல்லியிருக்க முடியாது. அவர் கேட்கவில்லை. சந்தேகப்பட்டதற்கு வருத்தப்பட்டு எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

சுமதிக்குப் பெண் குழந்தை பிறந்த செய்தி வந்தது. அதற்குச் சில வாரம் கழித்து, நான் பயந்துகொண்டிருந்த போனும் வந்தது.

"நீயும் கூட்டா?" என்றார் ஐயா. அம்மா சொல்லிவிட்டார் என்று புரிந்தது. "இங்கேருந்தே ஏறுற மாதிரி மாத்து."

"மாத்த முடியாதுங்க ஐயா."

"புதுசாப் போடு."

போடலாம். இடம் இருந்தது. பார்த்து, விலையையும் சொன்னேன். அது என் தொழில். அந்தப் பக்கம் குழந்தை அழும் சத்தம் மட்டும் கேட்டது. அம்மா அங்கேதான் இருந்திருப்பார். ஐயா "சரி" என்றும் சொல்லவில்லை, "வேணாம்" என்றும் சொல்லவில்லை. போனை வைத்துவிட்டார். அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. ஒரு குடும்பத்தை நடுத்தெருவில் நிறுத்திவிட்டேனோ என்று பயந்தேன். வீட்டில் எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தேன்.

திரும்பி வந்ததும் அம்மா கடைக்கு வந்தார். அதே நாற்காலியில் உட்கார்ந்தார். "வந்தாரு தம்பி. பாரிசுக்கு வந்தாரு. ஸ்டேஷனுக்கு ரவி வந்திருந்தான். இவரு மூஞ்சிய அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டாரு. நாலு நாளும் அவன் வூட்டுல சாப்புட்டாரு, தூங்கினாரு, மருமவ போட்ட காப்பியக் குடிச்சாரு. அவன்கிட்ட ஒரு வார்த்தை பேசல."

எனக்கு மனசு உடைந்துவிட்டது. இதற்காகவா இத்தனை பாடு என்று கேட்டேன்.

"கேளு. ஏர்போர்ட்டுல பொட்டியத் தள்ளிக்கிட்டு உள்ள போவணும். அவன் நிக்குறான். இவரு ரெண்டு அடி போனாரு, நின்னாரு. திரும்பி, 'போயிட்டு வரேன்'னாரு." அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "கூப்புட வர்றவன்கிட்ட மூஞ்சியத் திருப்பிக்கலாம் தம்பி. ஏத்தி வுட வர்றவன்கிட்ட சொல்லாமக் கெளம்ப நம்ம ஊரு ஆளுக்கு வாய் வராது. அதுக்குத்தான் அங்கேருந்து ஏறணும்னேன். போயிட்டு வரேன்னு சொல்லிட்டாருல்ல? வரேன்னு சொன்னா வந்துதானே ஆவணும்."

எத்தனை வருஷம் டிக்கெட் போட்டிருக்கிறேன். இறங்குகிற இடத்தில் யார் கூப்பிட வருவார்கள் என்றுதான் நானும் கேட்பேன், ஏறுகிறவர்களும் அதற்குத்தான் கவலைப்படுவார்கள். இப்போது அங்கேயிருந்து கிளம்பும்போது யார் ஏற்றிவிடுவார்கள் என்றும் கேட்கிறேன். வந்தவர்கள் என்னை ஒரு மாதிரிப் பார்க்கிறார்கள். பார்க்கட்டும். கமலவேணி அம்மா எனக்கு விட்டுப்போனது அந்தக் கேள்விதான். அதை நான் விடுவதாக இல்லை.

ரவி வந்து சேர்ந்த பிறகுதான் அம்மாவை எடுத்தார்கள். சாவு வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது என்பதால் அன்றைக்கு யாரும் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. காரியமெல்லாம் முடிந்து ரவி கிளம்பிய அன்று, சென்னைக்குப் போக நான்தான் வண்டி கொண்டுபோயிருந்தேன். ஐயா வாசல் வரை வந்தார். ரவி செருப்பை மாட்டிக்கொண்டு, தலையை நிமிர்த்தாமல், "போயிட்டு வரேம்ப்பா" என்றார்.

"எப்ப?" என்று கேட்டார் ஐயா.