மானிட்டரில் ஒட்டிய தலைப்பு

எங்கள் அரூர் நாற்றுப் பண்ணையில் ஆர்டர் ஷீட்டைப் பார்ப்பது தனலட்சுமி அக்கா. கீழே உருட்டினால் தலைப்பு வரி மறைந்துவிடுகிறதென்று கத்தரி, தக்காளி, மிளகாய், சாமந்தி என்று பேப்பரில் வரிசையாக எழுதி, மானிட்டரின் மேல்விளிம்பில் டேப் போட்டு ஒட்டியிருக்கிறார். ஆறு மாதமாக அதுதான் தலைப்பு.

இன்று சித்தேரியிலிருந்து வேனோடு வந்தவர், ஏற்றிய ட்ரேக்களைப் பார்த்துச் சத்தம் போட்டார்.

"ஏங்க, தக்காளி நாத்து கேட்டா கத்தரிய ஏத்தியிருக்கீங்க? மலையேறிப் போய்ப் பாத்திருந்தா என்னங்க பண்றது?"

அக்கா அசரவில்லை. "கம்ப்யூட்டர்ல கத்தரினுதானுங்க இருக்குது."

போய்ப் பார்த்தேன். வரிசை எண் மறைந்து, ஷீட் ஒரு கட்டம் இடப்பக்கம் நகர்ந்திருந்தது. பேப்பர் நகருமா? அவருடைய தக்காளிக் கணக்கு கத்தரிக்குக் கீழே வந்து நின்றது.

ட்ரேக்களை மாற்றி அனுப்பிவிட்டு உட்கார்ந்தேன். தலைப்புக்குக் கீழே, ஆர்டர் கொடுத்தவர் பெயருக்கு வலப்பக்கம் இருக்கும் முதல் கட்டத்தைத் தொட்டு, 'வியூ'வில் போய் 'ஃப்ரீஸ் பேன்ஸ்' கொடுத்தேன். எந்தப் பக்கம் உருட்டினாலும் பெயரும் தலைப்பும் அசையவில்லை.

"பாருங்கக்கா, இனி அந்தப் பேப்பரக் கிழிச்சிரலாம்."

"அது பாட்டுக்கு இருக்கட்டும், வுடு."

அந்த நிமிடம் பார்த்துக் கரண்ட் போனது. கறுத்த திரைக்கு மேலே கத்தரி, தக்காளி, மிளகாய், சாமந்தி மட்டும் அப்படியே நின்றன.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். "உன்னோட தலைப்பு எங்க, காணோம்?"

ஜெயித்தது யாரென்று கமெண்டில் சொல்லுங்கள். அக்காவும் படிப்பார், பார்த்துச் சொல்லுங்கள்.