பானையின் கனம்

1912-ம் வருஷம் ஐப்பசி மாதம், ஒரு சனிக்கிழமை காலை எட்டேகால் மணி. வண்ணார்பேட்டைக்கு மேற்கே, தாமிரபரணிக் கரையிலுள்ள எங்கள் சிற்றூரில், காய்ச்சலாய்க் கிடந்த ஒரு பெண்ணைப் பார்த்துவிட்டு வீடு திரும்பினேன். அடுக்களையில் காணிக்கைப் பானை இருந்த இடம் காலியாக இருந்தது.

எங்கள் சபையில் வீட்டுக்கு வீடு இந்தப் பழக்கம் உண்டு. உலை வைக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி அரிசியை ஜெபம் செய்து, ஆண்டவருக்கென்று தனிப் பானையில் போடுவோம். பஞ்சம் வந்தாலும் அதைத் தொடமாட்டோம். அந்த வருஷம் எங்கள் பக்கத்தில் கன்னம் வைத்துத் திருடுவது அதிகமாக இருந்தது. தை மாதம் மகளுக்குக் கலியாணம். என் தாய் வீட்டுச் சங்கிலி, வளையல், வெள்ளிக் காப்பு எல்லாவற்றையும் ஒரு துணியில் முடிந்து, அந்தப் பானையின் அடியில் வைத்து, மேலே அரிசியைப் பரப்பியிருந்தேன். ஆண்டவர் அரிசியில் கள்ளனும் கைவைக்கமாட்டான் என்பது என் எண்ணம். பாளையங்கோட்டையில் வாத்தியாராக இருக்கும் என் கணவருக்குக்கூடச் சொல்லவில்லை. மாப்பிள்ளை வீட்டார் நகை ஒன்றும் கேட்கவில்லை. ஊர் வாய்க்குப் பயந்தது நான்தான்.

இதில் ஒரு விநோதம் உண்டு. அன்றுமுதல் அரிசி போடும்போது என் வாய் ஜெபத்தைச் சொல்லும். விரல்கள் அரிசிக்குள் இறங்கி முடிச்சைத் தேடும். முடிச்சு தட்டுப்பட்ட பிறகே ஆமென் சொல்வேன். அது எப்போது பழக்கமாயிற்று என்று எனக்கே தெரியாது.

மறுநாள் அக்கரைக் கோயிலில் அறுப்பின் பண்டிகை. ஆராதனை முடிந்ததும் சபையார் எல்லாரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவோம். அதற்கான அரிசி சனிக்கிழமையே போய்ச் சேரவேண்டும். வழக்கமாக நானே பானையிலிருந்து ஓலைப்பெட்டியில் அள்ளிக் கொண்டுபோவேன். அன்று எனக்கு வேலை மிச்சமாகட்டும் என்று, மகள் பானையையே இடுப்பில் வைத்துக்கொண்டு தோணித்துறைக்குப் புறப்பட்டுவிட்டாள். அடுத்த வீட்டுக்காரி சொல்லித்தான் தெரிந்தது. கலியாணத்துக்கு முன்னாலேயே பானை சுமக்கப் பழகுகிறாயா என்று அவள் கேலி செய்தாளாம். அதற்கு என் மகள் சொன்னாளாம்:

“என்னா கனம் கனக்கு பாருங்க அக்கா. எங்கம்மா ஆண்டவருக்கு அள்ளி அள்ளிப் போட்டிருக்கா.”

நான் துறைக்கு ஓடினேன். முந்தின இரவு மலையில் பெய்த மழையில் ஆறு செங்காவியாய்ப் புரண்டு போய்க்கொண்டிருந்தது. துறையில் ஒரே கூட்டம். நனைந்த வேஷ்டியோடு தோணிக்காரர் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். நடு ஆற்றில் தோணி கவிழ்ந்துவிட்டது என்று யாரோ சொன்னார்கள். நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவரிடம் போய், எங்கள் பானை என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“பானையவா கேக்கிய, வாத்தியாரம்மா? ஒங்க மவ அதுலல்லா இருந்தா.”

மகள் தோணி ஏறப் போனது தெரிந்துதானே ஓடி வந்தேன்? பிறகு ஏன் என் வாயில் பானை முதலில் வந்தது? இன்றுவரை யோசிக்கிறேன். பொக்கிஷம் எங்கேயோ அங்கேதான் இருதயமும் இருக்கும் என்று ஆண்டவர் சொன்னதை ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்கு எத்தனையோ தரம் படிப்பித்தவள் நான்.

விழுந்தவர்கள் அக்கரைப் பக்கமாக இழுபட்டுப் போனதைக் கண்டதாகச் சிலர் சொன்னார்கள். கரையேறினார்களா என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அக்கரைக்குப் போக வேறு தோணி இல்லாததால், தொலைவிலுள்ள வண்ணார்பேட்டைப் பாலத்தைச் சுற்றி ஆள் அனுப்பினார்கள். அந்தப் பகல் முழுவதும் துறை மணலிலேயே கிடந்தேன். ஜெபம் என்று வந்ததெல்லாம் அவள் பெயர் ஒன்றுதான். காலையில் அப்படிப் பதறித் தேடிய நகைமுடிச்சு ஒருதரம்கூட நினைவுக்கு வரவில்லை. இரண்டும் ஒரே மனசுதானா?

விளக்கு வைக்கும் நேரத்தில், வண்ணார்பேட்டைப் பாலத்தைச் சுற்றிக்கொண்டு ஒரு மாட்டுவண்டி வந்தது. எல்லாரும் பிழைத்துக்கொண்டார்கள் என்று வண்டிக்காரர் தூரத்திலிருந்தே குரல் கொடுத்தார். யாருடையதோ சேலையைச் சுற்றிக்கொண்டு என் மகள் இறங்கினாள். வெறும் கை.

நகை பிற்பாடும் கிடைக்கவில்லை. தை மாதக் கலியாணம் அது இல்லாமலே நடந்தது. ஊரும் இரண்டு நாள் பேசிவிட்டு ஓய்ந்தது. இப்போதும் அரிசி போடும்போது என் விரல்கள் பழைய பழக்கத்தில் அடிவரை இறங்கிப் பார்க்கின்றன. அங்கே அரிசிதான் இருக்கிறது என்று தெரிந்ததும் மனம் ஏனோ லேசாகிவிடுகிறது.

பானைக்குள் அரிசியைத் தவிர வேறு எதுவும் இருந்தது என்று அன்று அவளுக்குத் தெரியாது. வண்டியை விட்டு இறங்கியதும் என்னைக் கட்டிக்கொண்டு, தேம்பித் தேம்பி அவள் சொன்னது இதுதான்:

“எம்மா, நீ போட்ட அரிசி பூராவும் ஆத்தோட போயிட்டும்மா. நாளைக்கு ஆண்டவர் முன்னால நாம என்னத்தக் கொண்டு போயி வைக்க?”