இறகில்லாத அம்பு

டாரியஸ் அருளானந்தத்துக்குப் பொறுத்திருக்கத் தெரியாது. லிஃப்ட் பொத்தானை ஒருமுறை அழுத்தினால் அவருக்குப் போதாது. மைக்ரோவேவ் மணி அடிப்பதற்குள் கதவைத் திறந்துவிடுவார். ஞாயிறு தமிழ்ப் பூசையில் ஃபாதர் கடைசி ஆசீருக்குக் கையைத் தூக்கும்போது இவர் கார் சாவியைத் தூக்கியிருப்பார். வயது ஐம்பத்தெட்டு. சிங்கப்பூரில், தெம்பனிஸில் ஒரு கடைத்தொகுதியில் பராமரிப்பு மேற்பார்வையாளர், வீடு பிடோக்கில். எந்நேரமும் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்ட மாதிரிதான் நிற்பார். நாற்காலி என்பது அவரைப் பொறுத்தவரை சட்டையை மாட்டி வைக்கும் சாமான்.

இப்படிப்பட்டவர் வில்லைக் கையில் எடுத்ததற்குக் காரணம் மகள் கேட்லின். அவள் கால்நடை மருத்துவம் படித்து, ஆஸ்திரேலியாவில் பெர்த்திலிருந்து மூன்று மணி நேரத் தொலைவில் ஒரு சிற்றூரில் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கே காட்டுப்பன்றிகள் கோதுமை வயலைக் கிளறிப் பாழாக்கும். தெரிந்தவர்களை வேட்டைக்குக் கூப்பிடுவது பக்கத்துப் பண்ணைக்காரரின் வழக்கம். மகளைப் பார்க்கப் போன இடத்தில் டாரியஸுக்கு அந்தப் பித்து ஒட்டிக்கொண்டது. இரு முனையிலும் உருளை வைத்த வேட்டை வில் ஒன்றை வாங்கிவிட்டார். சிங்கப்பூரில் வேட்டையாட ஏது இடம்? லிட்டில் இந்தியாவுக்குச் சற்றுத் தள்ளி, பழைய தொழிற்கூடக் கட்டடம் ஒன்றின் மூன்றாம் மாடியில் இருக்கும் வில்வித்தை உள்ளரங்கில் வருடம் முழுக்கப் பழகுவார். வருடத்துக்கு ஒருமுறை வில்லோடு விமானம் ஏறுவார்.

போன வருடம்தான் அந்த வினை நடந்தது.

பழகும்போது அம்பின் முனை சின்னதாக, மொழுக்கென்று இருக்கும். வேட்டைக்கு அதைக் கழற்றிவிட்டு பிராட்ஹெட்டைத் திருக வேண்டும். அது மூன்று பிளேடு விரிந்த முனை. இரண்டுக்கும் ஒரே எடை. எடை ஒன்றென்றால் போய் விழும் இடமும் ஒன்றுதான் என்று டாரியஸ் முடிவுகட்டிவிட்டார். அது அப்படியில்லை. அந்தப் பிளேடுகள் முன்னால் சிறகு முளைத்த மாதிரி காற்றைப் பிடிக்கும். வில்லை விட்டு அம்பு துளி கோணலாகப் புறப்பட்டாலும் மொழுக்கு முனை கண்டுகொள்ளாது, பின்னால் ஒட்டியிருக்கும் இறகு அதை இழுத்து நேராக்கிவிடும். பிராட்ஹெட் அந்தக் கோணலைப் பெரிதாக்கித்தான் விடும். பண்ணையில் வைக்கோல் கட்டு மேல் இரண்டு அம்பு விட்டுப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அதற்குக்கூட மனிதருக்குப் பொறுமையில்லை. கடைசி நாள் மாலை பெண் பன்றி ஒன்று வயலோரம் வந்து நின்றது. நெஞ்சுக்குக் குறி வைத்தார். அம்பு ஒரு சாண் தள்ளி வயிற்றில் பாய்ந்தது.

பன்றி அலறிக்கொண்டு ஓடியது. அப்பாவும் மகளும் இரத்தத் துளிகளைப் பின்தொடர்ந்து ஓடைவரை போனார்கள். நாணல் புதருக்குள் தடம் தொலைந்தது, இருட்டியும் விட்டது. மறுநாள் காலை விமானம். வழியெல்லாம் கேட்லின் வாய் திறக்கவில்லை. அந்த மௌனம் தாங்க முடியாமல், "பன்னிதானேமா, விடு" என்று சொல்லிவிட்டார். மனதார அப்படி நினைத்துச் சொல்லவில்லை. ஆனால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரிந்திருந்தால் அவர் டாரியஸ் இல்லையே. அதற்கப்புறம் மகளிடமிருந்து வெகுநாள் போன் வரவில்லை.

அவருக்கும் அது உள்ளே அரித்துக்கொண்டுதான் இருந்தது. பாவசங்கீர்த்தனத்தில் ஃபாதரிடம் சொன்னார். ஃபாதர் கேட்டுவிட்டு, "வேற ஏதாச்சும் இருக்கா?" என்று கேட்டார். வேறு எதுவும் இல்லை. அது ஒன்றுதான் இருந்தது.

கடைசியில் கேட்லினே ஒருநாள் போன் செய்தாள். "டாடி, கிறிஸ்மஸுக்கு நான் அங்க வரேன். திரும்பிப் போறப்ப நீங்களும் கூட வாங்க. ஆனா அம்பு நேரா போகுதுன்னு என் கண்ணால பாக்காம உங்க வில்லு பிளேன் ஏறாது. முடியலன்னா வேட்டைய விட்டுருங்க. சீரியஸா சொல்றேன்."

உள்ளரங்கில் பிராட்ஹெட் விடக்கூடாது. அவற்றை அவர் மகள் வீட்டிலேயே விட்டு வந்திருந்தார். ஆகவே வேறு வழி பார்க்க வேண்டியதாயிற்று. இறகைப் பிடுங்கிய அம்பும் வில்லின் கோணலை மறைக்காது, இழுத்துத் திருத்த அதற்குப் பின்னால் ஒன்றுமில்லை. இறகுள்ள அம்பும் இல்லாத அம்பும் பக்கத்தில் பக்கத்தில் விழுந்தால், பிராட்ஹெட்டும் பெரும்பாலும் அங்கேதான் விழும். ஐந்து ஜோடி விட வேண்டும், ஒவ்வொரு ஜோடியும் ஒரு கோப்பி கப் சாசர் அகலத்துக்குள் விழ வேண்டும் என்று அப்பாவும் மகளும் பேசி முடித்தார்கள்.

அன்றிலிருந்து மிரண்டாவுக்கு நிம்மதி போயிற்று. மிரண்டா அவருடைய மனைவி, முப்பது வருடமாக இந்தப் பரபரப்போடு குடித்தனம் நடத்துகிறவர். சாப்பாட்டு மேசையில் அம்பை முனை குத்தி நிறுத்திப் பம்பரம் மாதிரி சுற்றிவிடுவார் டாரியஸ். முனை ஆடினால் அந்த அம்பை ஒதுக்கிவிடுவார். மேசை விரிப்பெல்லாம் பொத்தல். வேலை முடிந்ததும் நேரே அரங்குக்கு ஓடுவார். செய்தித்தாளை ஒரு சட்டத்தில் ஒட்டி அதன் ஊடாக எய்வார். அம்பு நேராகப் போயிருந்தால் ஓட்டை வட்டமாக இருக்க வேண்டும். இவருக்கு இடப்பக்கம் கிழியும். அம்பு படுத்திருக்கும் தாங்கியை மயிரிழை நகர்த்துவார். அடுத்தது வலப்பக்கம் கிழியும். மறுபடி அலன் கீ, மறுபடி திருகல். நாணில் அம்பு மாட்டும் இடத்தை ஏற்றினார், இறக்கினார். இன்னும் விறைப்பான அம்புகளை வாங்கினார். ஒன்றும் வழிக்கு வரவில்லை. தூக்கத்திலும் விரல் எதையோ திருகிக்கொண்டிருந்தது.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றார் மிரண்டா. "அந்த வில்ல விடுங்க. மொதல்ல நீங்க ஒரு எடத்துல ஒழுங்கா நில்லுங்க."

டாரியஸுக்கு எரிச்சலாக வந்தது. ஆனால் அதையே வேறு வார்த்தையில் நஸீஹாவும் சொன்னாள். அவள் அரங்கில் பக்கத்துத் தடத்தில் பழகுகிறவள், வங்கி ஒன்றில் கணக்குத் தணிக்கை செய்பவள். கிழிந்த தாள்களை ஒரு நாள் வரிசையாகப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"அங்கிள், வில்லு தப்பு பண்ணா ஒரே தப்பத்தான் திரும்பத் திரும்பப் பண்ணும். இது இடது, வலது, மேல, கீழன்னு இருக்கு லா. இது ஆளு பண்ற தப்பு. இருங்க, வீடியோ எடுக்கிறேன்."

எடுத்ததை மெதுவாக ஓடவிட்டுக் காட்டினாள். டாரியஸ் பார்த்தார். திரையில் ஒரு மனிதர் நாணை முழுதாக இழுக்கிறார், அசையாமல் நிற்கிறார், குறி பார்க்கிறார். எல்லாம் சரி. நாணை விடுவிக்கும் கைவிசையை அழுத்தும் அதே கணத்தில், அம்பு நாணை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே, தலை வெளியே எட்டிப் பார்க்கிறது. தலை போன பக்கம் தோள் போகிறது, தோளோடு மணிக்கட்டும் திரும்புகிறது. ஒவ்வொரு அம்புக்கும் அப்படியே. எங்கே போய் விழுகிறது என்று பார்க்க அவ்வளவு அவசரம்.

வீட்டில் அந்த வீடியோவைப் பார்த்த மிரண்டாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "ஆக்கப் பொறுத்தீங்க, ஆறப் பொறுக்கலையே!"

டாரியஸ் சிரிக்கவில்லை. அவருக்கு வெட்கமாக இருந்தது. ஆறு மாதமாக ஒரு பாவமும் அறியாத வில்லைப் போட்டுத் திருகியிருக்கிறார். எல்லாவற்றையும் பழைய நிலைக்குக் கொண்டுவந்து, தாங்கியை நேராக்கி, அலன் கீயைச் சட்டைப்பையில் போட்டார். பிறகு நஸீஹா சொன்ன பயிற்சியைத் தொடங்கினார். இலக்குக்கு இரண்டடி முன்னால் நிற்க வேண்டும். நாணை இழுத்து, கண்ணை மூடிக்கொண்டு விட வேண்டும். அம்பு தைக்கும் சத்தம் கேட்டு, ஒரு மூச்சு வாங்கி, அதற்குப் பிறகுதான் கையை இறக்க வேண்டும்.

சொல்லும்போது சுலபம்தான். அவருக்கு அது நரகம். கண்ணை மூடினால் உடம்பெல்லாம் எறும்பு ஊறியது. அதைவிட மோசம், கண்ணை மூடினால் அந்தப் பன்றி வந்தது. ஏன் எட்டிப் பார்க்கிறோம் என்று அப்போதுதான் அவருக்கே புரிந்தது. அவசரம் பிறவிக் குணம், சரி. ஆனால் போன வருடத்துக்குப் பிறகு அதோடு பயமும் சேர்ந்திருந்தது. குறி தப்பிவிட்டதோ, தப்பிவிட்டதோ என்று ஒவ்வொரு அம்புக்கும் நெஞ்சு அடித்துக்கொண்டது. ஆனாலும் விடவில்லை. டிசம்பர் வருவதற்குள் செய்தித்தாளில் வட்ட ஓட்டைகள் விழத் தொடங்கின.

கிறிஸ்மஸ் முடிந்த சனிக்கிழமை மூவருமாக அரங்குக்குப் போனார்கள். கேட்லினும் மிரண்டாவும் பின்னால் உட்கார்ந்தார்கள்.

முதல் ஜோடி ஒட்டினாற்போல விழுந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது ஜோடியில் இறகில்லாத அம்பு மற்றதை உரசிக்கொண்டே போய்த் தைத்தது. "வாவ், டாடி" என்றாள் கேட்லின். நான்காவதில் இறகுள்ளது நடுவில் விழுந்தது. இறகில்லாததை இழுத்தபோது, மகள் பார்க்கிறாள் என்ற நினைப்பு குறுக்கே வந்தது. தலை எட்டிப் பார்த்தது. அம்பு ஒரு சாண் இடப்பக்கம், சாய்ந்து குத்தி நின்றது. அவர் கை தானாகச் சட்டைப்பையிலிருந்த அலன் கீயைத் தொட்டது. எடுக்காமல் கையை இறக்கிக்கொண்டார். ஐந்தாவது ஜோடி சேர்ந்து விழுந்தது.

கேட்லின் எழுந்து வந்தாள். அப்பாவின் சட்டை முதுகோடு நனைந்திருந்ததைப் பார்த்ததும் அவள் மனம் இளகிவிட்டது. "அஞ்சுக்கு நாலு. ஓகே லா, டாடி, நான் பாஸ் போட்டுட்டேன். வில்ல எடுத்துட்டு வாங்க. அங்க போய் பிராட்ஹெட் வச்சுப் பாத்துக்கலாம்."

மிரண்டா கைதட்டினார். டாரியஸ் அந்தச் சாய்ந்த அம்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேணாம்மா" என்றார். "அந்த ஒண்ணுதான் போன வருஷம் அதோட வயித்துல போச்சு."

ஒரு வருடமாக இருவருமே பேசாதிருந்த பேச்சு அது.

"நான் அதக் கண்டுபிடிச்சேன், டாடி."

"எப்ப?"

"உங்கள ஏர்போர்ட்ல விட்டுட்டுத் திரும்பிப் போய்த் தேடினேன். ஓடைக்குள்ள கெடந்துச்சு. உயிரோடதான். நான்தான் ஊசி போட்டு முடிச்சேன். உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

டாரியஸ் பின்னாலேயே நகர்ந்து நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார். ஒரு ராத்திரி முழுக்க அது அங்கே கிடந்திருக்கிறது. அந்த நேரத்தில் அவர் மகள் வீட்டில் சூடாகக் குளித்துவிட்டுத் தூங்கியிருக்கிறார்.

"ரொம்ப வலிச்சிருக்குமா?"

மிருகங்கள் விஷயத்தில் கேட்லின் யாரிடமும் பொய் சொல்லமாட்டாள். "ஆமா, டாடி."

முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு அழுதார். மிரண்டா எழுந்து வந்து அவர் முதுகில் கையை வைத்துக்கொண்டு நின்றார். இலக்கில் குத்தி நின்ற அம்புகளைக் கேட்லின்தான் ஒவ்வொன்றாகப் பிடுங்கி எடுத்து வந்தாள்.

திங்கட்கிழமை அப்பாவும் மகளும் விமானம் ஏறினார்கள். வில் பிடோக் வீட்டிலேயே இருந்தது. விமானம் கிளம்பி வெகுநேரமாகியும் டாரியஸ் மணி என்ன, எப்போது இறங்கும் என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை. பிறகு மகள் பக்கம் திரும்பினார்.

"அது கெடந்த எடத்தக் காட்டுவியாமா?"

"காட்டுறேன், டாடி" என்றாள் கேட்லின்.