அப்பனை மிஞ்சிய தொலைநோக்கி

ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் டென்னிஸைப் போலக் கில்லாடி கிடையாது. சூப்பர்வைசர் எந்த டார்கெட் கொடுத்தாலும் முடித்துவிடுவான். எப்படி முடித்தான் என்று மட்டும் கேட்கக்கூடாது. ஆடிட் நாளில் தரையில் எண்ணெய் தெரியக்கூடாது என்றார்கள். அதன்மேல் அட்டையை விரித்தான். தேறாத பாகம் போடும் ரிஜெக்ட் பெட்டி நிறையக்கூடாது என்றார்கள். பெட்டியையே கேன்டீனுக்குப் பின்னால் ஒளித்துவைத்தான்.

இந்த ஆளுக்கு வானத்தின்மேல் பைத்தியம். சொந்தமாகத் தொலைநோக்கி செய்கிறேன் என்று மாடி அறை முழுக்கக் கண்ணாடியும் குழாயுமாக அடைத்துவைத்தான். அவன் மனைவி மெர்சி, ஸ்ரீபெரும்புதூரில் செல்போன் கம்பெனியில் லைன் லீடர். ஒரே போடாகப் போட்டாள்.

"கிறிஸ்துமஸுக்குள்ள எனக்கு நெலாவக் காட்டு. இல்லன்னா எல்லாம் காயலான் கடைக்கு. அந்த ரூம்ல நான் தையல் மிசின் போட்டுக்குவேன்."

டென்னிஸ் அசரவில்லை. லேப்டாப்பில் ஜெனடிக் அல்காரிதம் ஓட்டினான். கண்ணாடியின் அகலம், வளைவு, குழாயின் நீளம் எல்லாவற்றையும் கண்டபடி கலந்து அதுவே நூற்றுக்கணக்கான வடிவங்களைப் போடும். மார்க் குறைந்ததைக் கழித்துவிட்டு, தேறியதை ஒன்றோடொன்று கலந்து அடுத்த தலைமுறையைப் பெற்றெடுக்கும். மார்க் எதற்கு என்பதை மட்டும் இவன் சொல்ல வேண்டும். பிம்பம் மங்கக்கூடாது என்று சொல்லிவைத்தான்.

வென்று வந்த வடிவத்தில் கண்ணாடி மிளகளவு. வெளிச்சமே சரியாக உள்ளே வராதபோது மங்குவதற்கு என்ன இருக்கிறது? கண்ணாடி ஆறு அங்குலத்துக்குக் குறையக்கூடாது என்றான். இந்த முறை குழாய் எதிர்வீட்டு மாடிவரை நீண்டது.

"மெர்சி, கேட்டதக் குடுத்துட்டு என்னயே ஏமாத்துது!"

மெர்சி சிரித்த சிரிப்பில் அடுப்பில் தோசை கருகியது. "பெத்தவன் புத்தி பின்ன எங்க போவும்? உன்ன மாதிரி ஆளுங்கள வெச்சுத்தான் நான் லைன் ஓட்டிகினு கீறேன். நவுரு. நான் சொல்றத அடி. கொழாய் மாடிப்படியில திரும்பணும். ஒத்த ஆளு தூக்கணும். நான் நின்ன வாக்குல பாக்கணும், ஸ்டூலு கீலு ஆவாது."

டென்னிஸ் அவள் உயரத்தையும் சேர்த்து ஒவ்வொன்றாகத் தட்டினான். தன் தொழில் ரகசியம் மொத்தமும் இவளுக்கு முன்னாலேயே தெரிந்திருக்கிறது!

இந்த முறை அல்காரிதத்துக்கு நழுவ வழியில்லை. அது கொடுத்த அளவுக்கே குழாயை வெட்டிப் பூட்டினான். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் சாயங்காலம், மொட்டை மாடியில் பிறைக்கு நேராகத் திருப்பினான். மெர்சி கண்ணை வைத்தாள்.

"யப்பா! நம்ம தெருவ விட குண்டும் குழியுமா கீதுயா!"

அப்புறம் அந்த இடத்தைவிட்டு நகரவே மாட்டேன் என்றாள். அறை தப்பிய சந்தோஷத்தில் அவளை நகர்த்திவிட்டு முன்னால் வந்தான் டென்னிஸ். மெர்சிக்கு ஐந்தடி உயரம்கூட இல்லை, இவன் ஆறடி. குனிந்தான், இடுப்பு பிடித்தது.

"ஒனக்கு எவ்ளோ ஒசரம்னு யாரும் சொல்லலியே, அது இன்னா பண்ணும்?" என்றாள் மெர்சி.

டென்னிஸ் முட்டி போட்டு நிலாவைப் பார்த்தான்.