உடையாத நுரை

போன வாரம் எங்கள் குளியலறையில், உப்புத் தண்ணீரை மென்மையாக்கும் சாப்ட்னர் பொருத்த வந்தவர் உப்பு மூட்டையைப் பிரித்ததும், அந்த ஈரக் கல்லுப்பின் வாசம் என்னை நேராக எங்கள் பழைய லைன் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டது. அந்த இடத்தில் இன்று ஒரு பனியன் கம்பெனி நிற்கிறது.

ஆறு வீட்டுக்கும் ஒரே போர் தண்ணீர். அதில் சோப்பைத் தேய்த்தால் திரிந்த பால் போல வெள்ளைத் திப்பிகள்தான் மிதக்கும், குடத்துக்குள் சுண்ணாம்பு பூசியது போல் உப்பு படியும், என் தலைமுடியோ தேங்காய் நாராகச் சிக்கு விழுந்து சீப்பை உடைக்கும். "ஞாயித்துக்கெழம வெட்டிரலாம் கண்ணு" என்று அம்மா சொன்னதிலிருந்து நான் அழுதுகொண்டே இருந்தேன்.

அழுகை பக்கத்து வீட்டு ஹமீது அண்ணனுக்குக் கேட்டிருக்கிறது. சாயப்பட்டறையில், துணிக்குச் சாயம் சீராகப் பிடிக்கவென்று தண்ணீரை மென்மையாக்கும் மெஷினுக்குக் கல்லுப்பு கொட்டும் வேலை அவருக்கு; அவர் சட்டையில் எப்போதும் அந்த ஈர உப்பு வாசம்தான். ஞாயிறு காலை சைக்கிளில் இரண்டு கேன் கொண்டுவந்து இறக்கினார்.

"துணிக்குக் குடுக்கற தண்ணிங்க அக்கா. பாப்பாவுக்கு ஒருக்கா ஊத்திப் பாருங்க."

அம்மா ஒரு பாக்கெட் ஷாம்புதான் போட்டாள். நுரை பொங்கி என் நெற்றியில் வழிந்து, அவள் முழங்கை வரை ஏறி, துவைக்கிற கல்லில் விழுந்தும் உடையாமல் கிடந்தது. அவள் விரல்கள் முடிக்குள் தடையில்லாமல் போய்வந்தன.

"இதையப் போயி வெட்டறதா" என்றாள்.

லைன் வீட்டுப் பெண்களெல்லாம் வந்து நின்றார்கள். "பஞ்சாட்ட இருக்குதுங்க!"

ஹமீது அண்ணனின் மனைவி அலசிவிடச் சொம்பைத் தூக்கினார். அம்மா அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"இருங்க. இன்னுங் கொஞ்ச நேரம் பாத்துக்கறேன்."